டிசம்பர் 11 அன்று யார் வருவார்கள்?

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் பி.எஸ்.குமாரசாமி ராஜா சாலை என்று கேட்டால் ஆட்டோக்காரர் யோசிப்பார். கிரீன்வேஸ் ரோடு என்றால் உடனே மீட்டர் இல்லாமல் ஒரு ரேட் சொல்வார். அமைச்சர்களின் பங்களாக்கள் வரிசையாக இருக்கும் சாலை அது. தமிழ்நாடு மாநில மனித உரிமை ஆணையம் இருப்பதும் அங்கேதான். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான 'பூம்பொழில்' வளாகமும் அதே வட்டாரம். அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருக்கிறது கோவிந்தசாமி நகர்.

2022 ஏப்ரல் கடைசியில், உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில், அங்கே 259 வீடுகளை இடிக்கும் வேலை தொடங்கியது. அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வு மே 5-ஆம் தேதி, பத்தாம் வகுப்புத் தேர்வு மே 6. தெருவில் பொக்லைன், பையில் ஹால் டிக்கெட். மே 8 அன்று அறுபது வயதையொட்டிய ஒருவர் தீக்குளித்தார்; மறுநாள் இறந்தார். அதன் பிறகுதான் அரசு அசைந்தது. மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே மாற்று வீடு தரப்படும் என்றும், மறுகுடியமர்வுக்கு ஒரு கொள்கை வகுக்கப்படும் என்றும் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

உச்ச நீதிமன்ற உத்தரவை அந்தத் தெருவின் பிள்ளைகளால் நிறுத்தியிருக்க முடியாது. சரி. ஆனால், தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் படிக்க ஓர் இடம் வேண்டும், தேர்வு முடியும்வரை அவகாசம் வேண்டும் என்று குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பக்க மனு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இலவசம். இந்த நான்கு விஷயங்கள், அந்தப் பத்து நாளில் ஹால் டிக்கெட் வைத்திருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மனித உரிமை ஆணையத்தை அடுத்திருக்கும் தெருக்களிலேயே இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள். 1948-இல் ஐ.நா. சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட தேதி. அன்றைக்கு அலுவலகங்களில், கல்லூரிகளில் கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார்கள். போஸ்டர் போட்டி, கட்டுரைப் போட்டி, சிறப்பு விருந்தினர், சால்வை. கல்லூரியிலிருந்து ஒரு குழு நொச்சிக்குப்பத்துக்கோ, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கோ, மயிலாப்பூர் பல்லக்கு மாநகருக்கோ, தி.நகர் கண்ணம்மாபேட்டைக்கோ, பெசன்ட் நகர் ஊரூர்-ஆல்காட் குப்பத்துக்கோ போகும். பேனர் விரியும். 30 பிரிவுகள் கொண்ட பிரகடனத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். குரூப் போட்டோ. மறுநாள், டிசம்பர் 11-ஆம் தேதி, அந்தக் குப்பத்துப் பையனை இரவு ஒன்பது மணிக்குப் பைக்கோடு நிறுத்தி "ஏரியா எது?" என்று கேட்கும்போது, முந்தின நாள் வந்த அக்காவும் அண்ணனும் செமஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

தன்னார்வ மாணவர்களைக் குறை சொல்வதல்ல நோக்கம். தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் இருக்கும் கல்லூரிகளின் பட்டியலைப் பாருங்கள். குயின் மேரிஸ், மாநிலக் கல்லூரி, விவேகானந்தா, நந்தனம் அரசு கலைக் கல்லூரி, எத்திராஜ், ஸ்டெல்லா மாரிஸ், லயோலா, அடையாறு பேட்ரிசியன். சமூகப் பணி படிப்பவர்களுக்கென்றே 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் (எம்.எஸ்.எஸ்.டபிள்யூ.) எழும்பூரில். இந்த மாணவர்கள் வருகிறார்கள், சொந்தக் காசில் பஸ் ஏறி வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். சென்னையில் 2006-இல் சில இளைஞர்கள் தொடங்கிய 'பூமி' போன்ற அமைப்பு இன்று நாடெங்கும் தன்னார்வலர்களைச் சேர்த்திருக்கிறது. ஆள் பஞ்சம் இந்த ஊரில் இல்லை. 2015 வெள்ளத்தில் அதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

பஞ்சம் ஏற்பாட்டில். நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. விதிப்படி ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. 240 மணி நேரம் சாதாரணமல்ல. வாரம் ஒரு மாலை இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 48 வாரம், இரண்டு ஆண்டு முழுக்க ஒரே தெருவுக்குப் போய்வரலாம். நடைமுறையில் அந்த மணிகள் மரம் நடுவதிலும், பேரணியில் பதாகை பிடிப்பதிலும், தலைவர்கள் வரும் விழாவில் நாற்காலி போடுவதிலும் கரைகின்றன. ஒரு தெருவுக்கு இந்த மாதம் ஒரு குழு, அடுத்த மாதம் வேறு குழு. ஒவ்வொரு குழுவும் "உங்க பேரு என்ன?" என்பதிலிருந்து தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. பெயரைச் சொல்லிவிட்டு, பிஸ்கட் எப்போது தருவார்கள் என்று காத்திருக்கிறார்கள்.

காலண்டரும் பொருந்தவில்லை. குப்பத்துக்கும் கால்வாய்க்கரைக்கும் ஆள் தேவைப்படுவது நவம்பர், டிசம்பர் மழையிலும், ஏப்ரல், மே மாதங்களிலும். முதலாவதில் தண்ணீர் ஏறும். இரண்டாவதில் பள்ளிப் பொதுத்தேர்வு, ரிசல்ட், அட்மிஷன், டி.சி. பிரச்னை. இந்த இரண்டு பருவங்களிலும்தான் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வோ விடுமுறையோ வரும்.

படம் எடுப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். குழந்தைகளின் உரிமை பற்றிப் பேச வந்தவர்கள், அந்தக் குழந்தையிடமோ அம்மாவிடமோ கேட்காமல் முகத்தைப் படமெடுத்து, 'ஏழைச் சிறார்களுடன் ஒரு நாள்' என்று ரீல்ஸ் போடுகிறார்கள். சட்டத்துடன் முரண்பட்ட சிறார், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை ஆகியோரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவே சொல்கிறது. முதல் பாடத்தை வாலண்டியர்களுக்கு நடத்த வேண்டியிருக்கிறது.

சரி, வருகிறவர்கள் எதைச் சொல்லித்தர வேண்டும்? இங்கேதான் எனக்கும் பல கல்லூரி ஒருங்கிணைப்பாளர்களுக்கும் கருத்து வேறுபடும். பிரகடனத்தின் 30 பிரிவுகளை பவர்பாயின்ட்டில் காட்டுவது ஒரு வகை. அந்தப் பையன் அடுத்த வாரம் எந்த இடத்தில் மாட்டிக்கொள்வான் என்று பார்த்து, அந்த இடத்துக்கான சட்டத்தைச் சொல்லித்தருவது இன்னொரு வகை.

தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை ஜவுளிக்கடைகளில் தீபாவளி சீசனுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்கள். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் வந்து அந்த வலியை ஊருக்குக் காட்டியது. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம்தான் இதைச் செய்தோம். 1947-ஆம் ஆண்டின் அதே சட்டத்தில், பதினேழு வயது நிறையாத இளம் தொழிலாளரை நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேலும் இரவு ஏழு மணிக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று முன்பே இருக்கிறது. கண்ணம்மாபேட்டைப் பெண்ணுக்கு உலகப் பிரகடனத்தின் 23-ஆவது பிரிவைவிட இந்த ஸ்டூல்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும். ஸ்டூலிலிருந்து தொடங்கினால் பிரகடனத்துக்கு அவளே வந்து சேர்வாள்.

பள்ளிக்கூட விஷயமும் அப்படித்தான். வீடு மாறினால் டி.சி. வரவில்லை என்று புதுப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வீடு இடிக்கப்பட்ட குடும்பத்துக்கு இதைவிட உடனடியான மனித உரிமைப் பாடம் எது?

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் போலீஸ் ஸ்டேஷன். நொச்சிக்குப்பத்திலோ கண்ணகி நகரிலோ வளரும் ஒரு பையன் அரசு என்ற ஒன்றை முதன்முதலில் நேருக்கு நேர் சந்திப்பது பெரும்பாலும் அங்கேதான். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்பதில் தொடங்கும். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவும், டி.கே.பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளும் சொல்பவை இவை. அவற்றின் சாரம் இன்று 2024 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனையும் எந்த வயதுப் பெண்ணையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச்சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பதினெட்டு வயதாகாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது; விலங்கு போடக் கூடாது; கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலன்றி எஃப்.ஐ.ஆரே போடக் கூடாது. கெல்லீஸில் இருக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கலாம், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

ஒரு மாலை வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை நேராகப் பேசாதவர்கள் இந்த வேலையில் இறங்கக் கூடாது. இவ்வளவையும் கற்றுக்கொண்ட பையன் ஸ்டேஷனில் போய் "24 மணி நேரம், சார்" என்றால் என்ன நடக்கும்? "என்னடா, சட்டம் பேசுறியா?" என்ற கேள்வி வரும். வகுப்புக்குப் போகாத பையனுக்கு விழுந்ததைவிட ஓர் அடி கூடுதலாகவும் விழலாம். பின்னால் ஆள் இல்லாமல் நடத்தப்படும் உரிமை வகுப்பு, பிள்ளையைப் பாதுகாப்பதற்குப் பதில் அவனை ஆபத்தில் நிறுத்தும். வகுப்பு நடத்தும் மாணவரிடம் இரவு பதினொரு மணிக்கும் எடுக்கக்கூடிய ஒரு வழக்கறிஞரின் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்க வேண்டும். மனித உரிமைக் கல்வி என்று நான் கேட்பது பாடத்தையும் அந்த எண்ணையும் சேர்த்துத்தான்.

இது மிகை என்று நினைப்பவர்களுக்கு 2022-ஆம் ஆண்டை மட்டும் நினைவூட்டுகிறேன். ஏப்ரலில், மெரினாவில் குதிரைச் சவாரி விட்டுப் பிழைத்த 25 வயது இளைஞர் ஒருவர் போலீஸ் பிடியில் இறந்தார், வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது, கொலைப் பிரிவில் போலீஸாரே கைதானார்கள். டிசம்பர் 31 அன்று, பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட தாம்பரத்துப் பதினேழு வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் இறந்தான். அங்கும் ஊழியர்கள் கைதானார்கள். இரண்டு வழக்குகளுக்கும் நடுவில், செப்டம்பரில், சென்னைக் காவல்துறை 'சிற்பி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 100 பள்ளிகள், பள்ளிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 50 பேர், 4.25 கோடி ரூபாய். மாணவர்களைப் பொறுப்புள்ள குடிமக்களாக்குவது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஒரு பள்ளிக்கு நாலேகால் லட்சம் ரூபாய் செலவழித்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பைச் சொல்லித்தர அரசால் முடிகிறது என்றால், அதே பிள்ளைகளுக்கு ஸ்டேஷனில் என்னென்ன உரிமை என்று காவல்துறையைச் சேராத ஒருவர் சொல்லித்தரவும் அரசால் முடியும்.

இதையெல்லாம் யாருமே செய்து பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட 'மக்கள் கண்காணிப்பகம்' அமைப்பு, ஹென்றி திபேன் தலைமையில், 1997-இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. நம் மாநில மனித உரிமை ஆணையம் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மூன்று ஆண்டுப் பாடத்திட்டம். முதலாண்டு மனித உரிமை அறிமுகம், இரண்டாமாண்டு குழந்தைகளின் உரிமை, மூன்றாமாண்டு பாகுபாடு. விருந்தினர் உரையாக அல்லாமல் வாரந்தோறும் பாடவேளையாகவே நடந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் போனது. சில ஆண்டுகளில் 18 மாநிலங்களில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. அமெரிக்கப் பேராசிரியர் மோனிஷா பஜாஜ் இதை ஆராய்ந்து 2012-இல் ஒரு புத்தகமே எழுதினார். சாதி பார்த்து உட்காரவைப்பது, அடிப்பது, குழந்தைத் திருமணம் ஆகியவற்றைப் பிள்ளைகளே வாய் திறந்து கேட்ட கதைகள் அதில் வருகின்றன. எல்லாக் கேள்வியும் வெற்றி பெறவில்லை, கேட்ட பிள்ளை சில இடங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. பின்னால் ஒரு பெரியவர், ஓர் ஆசிரியர் துணை நின்ற இடங்களில்தான் விஷயம் நகர்ந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 2012-இல் அந்த அமைப்பின் வெளிநாட்டு நன்கொடை அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது, 2016-இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது, வழக்குகள் நடக்கின்றன. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது வேறு. இந்த நாட்டுப் பிள்ளைக்கு இந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்லித்தரும் வகுப்பு, டெல்லியில் ஒரு கோப்பில் கையெழுத்து விழாவிட்டால் நின்றுபோகும் நிலையில் ஏன் இருந்தது? சத்துணவை இப்படி யாராவது நடத்துவார்களா?

சட்டப்படி இது யார் வேலை என்பதில் குழப்பமே இல்லை. மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1993, 12-ஆவது பிரிவு, சமூகத்தின் பல பிரிவினரிடமும் மனித உரிமை அறிவைப் பரப்புவதை ஆணையத்தின் கடமைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. புகார் வந்தால் விசாரிப்பது மட்டும் அதன் வேலையல்ல. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987, சட்ட அறிவைப் பரப்புவதையும் சட்டக் கல்லூரிகளில் உதவி மையங்கள் அமைவதையும் பேசுகிறது; பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இலவசச் சட்ட உதவி மையம் நடத்தியாக வேண்டும் என்கின்றன. கடமை மூன்று இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றையும் ஒரே தெருவில் கொண்டுவந்து சேர்க்க ஆளில்லை.

சேர்க்க வேண்டிய தெருவும் இடம் மாறிவிட்டது என்பது இன்னொரு கதை. மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகர் 2000-இல் உருவானது. சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி. பிறகு 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். மயிலாப்பூரிலும் அடையாற்றங்கரையிலும் நுங்கம்பாக்கத்திலும் பிறந்த பிள்ளைகள் இன்று அங்கே இருக்கிறார்கள். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற அவப்பெயர் அந்த இடங்களுக்கு ஒட்டிக்கொண்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகா, கண்ணகி நகர் என்ற பெயரை நிமிர்ந்து சொன்ன பிறகுதான் ஊடகங்கள் அந்தப் பக்கம் வேறு காரணத்துக்காகக் கேமராவைத் திருப்பின.

இதே காலத்தில் இன்னொரு கூட்டமும் நகரத்தைவிட்டு அனுப்பப்பட்டது. 1891-இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தின் மதிலையொட்டி பாரிமுனையில் இருந்தது. வகுப்பு முடிந்ததும் கோர்ட்டுக்குள் நுழையலாம், போராட்டம் என்றால் நடந்தே போகலாம். 2018-இல் அது இரண்டாக்கப்பட்டு, ஒன்று திருவள்ளூர் மாவட்டம் பட்டரைப்பெரும்புதூருக்கும் மற்றொன்று கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கும் போனது. கல்லூரியில் 2008-இல் நடந்த மாணவர் மோதலுக்குப் பிறகான விசாரணைக் கமிஷன், பாதுகாப்பு, மெட்ரோ வேலை என்று காரணங்கள் சொல்லப்பட்டன. உரிமையைக் கற்க வேண்டியவர்களும் போனார்கள், கற்றுத்தரக்கூடியவர்களும் போனார்கள். தற்செயலாக, கற்றுத்தரக்கூடியவர்களில் ஒரு பாதி போனதும் ஏறக்குறைய அதே திசை. புதுப்பாக்கமும் பெரும்பாக்கமும் நகரின் அதே தென்கோடியில் இருக்கின்றன. சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளி இருக்கும் பெருங்குடியிலிருந்து கண்ணகி நகர் சில கிலோமீட்டர்தான். நகரத்தைவிட்டுத் தள்ளியதில் விளைந்த ஒரே நன்மை இது. அதையாவது பயன்படுத்திக்கொள்ளக் கூடாதா?

வாலண்டியர் யார் என்பதிலும் நம் கற்பனை கொஞ்சம் மாற வேண்டும். வாலண்டியர் என்றதும் ஆங்கிலம் பேசும் கல்லூரிப் பெண்ணின் முகம்தான் பலருக்கு வருகிறது. நந்தனம் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் குயின் மேரிஸிலும் படிப்பவர்களில் கணிசமானோர் இதே குப்பங்களிலிருந்தும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். 'ரூட்டு தல' (பஸ் வழித்தட மாணவர் கோஷ்டியின் தலைவர்) என்று செய்தித்தாள் பயமுறுத்தும் பையன்களும் இவர்களில் இருக்கிறார்கள். ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேச்சும் தெருவின் பேச்சு. வடசென்னை வியாசர்பாடியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளான 'வியாசை தோழர்கள்' மாலை வகுப்பு நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெளியிலிருந்து வரும் மாணவர் தேவையே இல்லை என்பதல்ல. அவர் இரண்டாவது ஆளாக வரட்டும். தெருவைச் சேர்ந்தவர் முதல் ஆளாக நிற்கட்டும். ஆனால் இவர்களுக்கு மாலை நேரம் என்பது பார்ட் டைம் வேலைக்கான நேரம். டெலிவரி, கேட்டரிங், துணிக்கடை. இலவசமாக வா என்றால் வசதியுள்ளவர்தான் வருவார். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்து லட்சக்கணக்கானோரை இதே அரசு திரட்டியது. முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

மாணவர் பருவத்து அக்கறை பிற்காலத்தில் எங்கே போய்ச் சேரும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி உண்டு. மாணவர் சங்கத்தில் வளர்ந்து வழக்கறிஞரான கே.சந்துரு, சென்னைக் குடிசைவாழ் மக்களுக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். மும்பை நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வந்த அதே 1985-இல் 'கே.சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு' வழக்கும் முடிந்தது. செங்கல்பட்டுச் சிறுவன் இறந்த பின் இல்லங்களை ஆராய அரசு நியமித்ததும் நீதிபதி சந்துருவைத்தான். நாங்குநேரியில் பள்ளி மாணவர் மீது நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு மாணவர்களிடையே சாதி வன்மத்தைத் தடுக்க ஆலோசனை கேட்டதும் அவரிடம்தான். 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கையில் 'சமூக நீதி மாணவர் படை' ஒன்றை அமைக்க வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. அறிக்கையில் சாதிப் பெயர்கள், கையில் கட்டும் கயிறு பற்றிய பக்கங்களை வைத்து அரசியல் மேடைகளில் நிறையச் சண்டை நடந்தது. இந்தப் பரிந்துரையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அரசிடம் கேட்பவை இவை. நாட்டு நலப்பணித் திட்டத்தின் 240 மணி நேரத்தில் பாதியையாவது ஒரே குடியிருப்பில், ஒரே பிள்ளைகளோடு செலவிட்டால்தான் சான்றிதழ் என்று சென்னைப் பல்கலைக்கழகம் விதி செய்ய வேண்டும். புதுப்பாக்கம் சட்டக் கல்லூரியின் உதவி மையத்துக்குப் பெரும்பாக்கத்தையும், சீர்மிகு சட்டப்பள்ளியின் மையத்துக்குக் கண்ணகி நகர், செம்மஞ்சேரியையும், மயிலாப்பூர், அடையாறு குப்பங்களுக்குப் 'பூம்பொழில்' வளாகத்தில் ஒரு மாலை மையத்தையும் பொறுப்பாக்க வேண்டும். பேப்பரில் இல்லாமல், சனிக்கிழமை மாலை கதவு திறந்திருக்கும் மையமாக. ஒவ்வொரு குழுவுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு பேனல் வழக்கறிஞரை ஒதுக்கி, அவர் பெயரையும் எண்ணையும் அந்தத் தெருவின் ரேஷன் கடை வாசலில் எழுதிவைக்க வேண்டும். தன்னார்வலர்களைச் சரிபார்ப்பது, தனியாகப் பிள்ளைகளோடு இருக்கவிடாதது, படம் எடுக்கத் தடை என்று போக்சோ சட்டத்தை மனதில் வைத்து ஒரு பக்க விதிமுறை போதும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில் பூட்டியே கிடக்கும் சமுதாயக் கூடங்களின் சாவி மாலையில் கிடைக்க வேண்டும். பொதுத்தேர்வு நடக்கும் மாதங்களில் குடியிருப்பு அகற்றம் இல்லை என்பதை, 2022-இல் சட்டமன்றத்தில் வாக்குறுதி அளிக்கப்பட்ட மறுகுடியமர்வுக் கொள்கையிலேயே எழுதிவிட வேண்டும்.

மனித உரிமை ஆணையத்துக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். டிசம்பர் 10 விழாவை ஒரு முறை நட்சத்திர ஓட்டலிலோ கலையரங்கத்திலோ வைக்காமல் கோவிந்தசாமி நகரிலோ சீனிவாசபுரத்திலோ வையுங்கள். உரை வேண்டாம். மேசை போட்டு மனு வாங்குங்கள். பிள்ளைகளே எழுதட்டும். ஒவ்வொரு மனுவுக்கும் என்ன ஆயிற்று என்பதை அடுத்த ஆண்டு அதே இடத்தில் வந்து வாசியுங்கள். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அது நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

அரசு அசையும்வரை கல்லூரி மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள்; இரண்டு ஆண்டு அதைவிட்டு மாறாதீர்கள். பேனர் வேண்டாம். சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை முதலில் நீங்களே அழைத்து, யார் எடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கான புகாரைச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நியாயமான பல புகார்கள் இந்தக் கெடு தெரியாமலே காலாவதியாகின்றன. உங்களால் வர முடியாத வாரத்தில் யார் வருவார் என்று முந்தின வாரமே சொல்லிவிட்டு வாருங்கள்.